ஆயுத பூஜைக்குக் கழுவிய குடுவைகள்

தஞ்சாவூரில் ஆராய்ச்சி செய்த நாட்களை நினைத்தால் முதலில் வருவது தார் வாசனைதான். நிலக்கரியிலிருந்து வடித்த எண்ணெயில் கந்தகம் இருக்கும். எரித்தால் புகை நெஞ்சை அடைக்கும். அந்தக் கந்தகத்தை மட்டும் தின்னும் பாக்டீரியாவை, திருத்துறைப்பூண்டியில் எங்கள் வயலின் ஆயில் இன்ஜினுக்கு அடியில் ஊறிக் கிடந்த மண்ணிலிருந்து எடுத்து வளர்த்தேன். விடுதியில் சிரிப்பார்கள். எனக்கோ அதுதான் பட்டம், அதுதான் மானம். காலையில் கதவைத் திறந்து குடுவைகளைப் பார்க்கும் அந்த நிமிடத்துக்கு இன்றும் ஏங்குகிறேன்.

ஒரே நிபந்தனை, குடுவையில் வேறு கந்தகம் இருக்கக் கூடாது. இருந்தால் பாக்டீரியா எண்ணெயைத் தொடாது. நோகாமல் நுங்கு தின்னப் பார்க்கும். அதனால் குடுவைகளை அமிலத்திலும் வடிநீரிலும் நானே அலசி வைப்பேன்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், அப்படி அலசி வைத்துவிட்டு ஊருக்குப் போனேன். ஆய்வகத்தில் வேலை பார்த்த அக்கா அவற்றை மறுபடி சோப்புத்தூள் போட்டு, போர் தண்ணீரில் பளபளவென்று தேய்த்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். திரும்பி வந்த நான், மறுபடி கழுவியது தெரியாமல் பொட்டை மட்டும் துடைத்துவிட்டு, மிச்சமிருந்த எண்ணெய் முழுவதையும் ஊற்றினேன்.

மூன்றாம் நாள் குடுவைகள் கஞ்சி போலக் கலங்கியிருந்தன. அப்படி ஒரு வளர்ச்சியை நான் பார்த்ததில்லை. பட்டம் கைக்கு வந்துவிட்டதென்றே நினைத்தேன். சோதித்தால் எண்ணெயில் கந்தகம் துளியும் குறையவில்லை. சோப்பிலும் தண்ணீரிலும் இருந்த கந்தகத்தைத் தின்றே அவை கொழுத்திருந்தன.

எல்லார் முன்னாலும் அக்காவைப் பார்த்துக் கத்தினேன்.

"பூஜைக்கு எல்லாத்தையும் கழுவுறோம். உங்களுத மட்டும் விட்டா நல்லாருக்குமா தம்பி?" என்றார்.

அடுத்த மாதமே படிப்பை விட்டுவிட்டுக் குவைத்துக்குக் கிளம்பினேன். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் வேலை. சொல்லிக்கொள்ளப் போனபோது அக்காவின் கண் கலங்கியது.

"என்னாலதானே தம்பி போறீங்க?"

இல்லைக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பூஜைக்கு முந்தின நாள் நான் ஊருக்குப் போனதே, குவைத்திலிருந்து அண்ணன் அனுப்பிய விசாவை வாங்கத்தான். அக்கா அப்படியே நம்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.