நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் படம்

அகதிகள் நிறைய வந்து குடியேறும் குளிர்நாட்டு நகரமொன்றில், சென் ஜேம்ஸ் ரவுண் பகுதியில், ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளக் கூடம். வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே, சிலியிலிருந்து அகதிகளாக வந்த சில குடும்பங்கள் தங்கள் நாட்டு ராணுவ ஆட்சியைப் பற்றிய ஆவணப்படம் பார்க்கின்றன. டிவியும் வீடியோ டெக்கும் செல்வம் அண்ணையுடையவை. அவர் இதே கட்டடத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர், கலியாண வீடியோ எடுப்பவர். மதுரையிலிருந்து வந்திருக்கும் அவருடைய விருந்தாளி நான், கூடவே வந்து மாட்டிக்கொண்டேன்.

படம் நகர்வதாயில்லை. தெருவில் ஊர்வலம் வந்தால் போதும், யாராவது கத்துகிறார்கள். அண்ணை நிறுத்துகிறார். எல்லோரும் எழுந்துபோய் திரையில் மூக்கு இடிக்க நிற்கிறார்கள்.

"ஒரு தடவை முழுசா ஓட விடக் கூடாதா அண்ணே?" என்கிறேன் எரிச்சலோடு.

"இவை ஆக்களைத் தேடுகினம், தம்பி. ஆமி பிடிச்சுக்கொண்டு போன ஆக்கள். கனபேரிட்டை ஒரு போட்டோவும் மிஞ்சேல்லை."

அப்போது நரைத்த அம்மாள் ஒருவர் திரையில் விரலை வைக்கிறார். ஊர்வலத்தில் ஓர் இளைஞன் எதையோ மென்றபடி சிரிக்கிறான். அவருடைய தம்பியாம். கூடமே கைதட்டுகிறது.

"எப்பவும் திண்டுகொண்டுதான் இருப்பானாம்," அம்மாள் ஆங்கிலத்தில் சொன்னதை எனக்குச் சொல்லி அண்ணை சிரிக்கிறார். பிறகு குரலைத் தணிக்கிறார். "நானும் கலியாணவீட்டில ஒவ்வொரு முகத்திலயும் கமராவை நிப்பாட்டித்தான் எடுப்பன். கசெற் ஊருக்குப் போகுமெல்லே. இஞ்ச வந்த பிள்ளையளின்ரை முகத்தை அங்க தாய்மார் தேடுவினம்."

இன்னொரு தடவை என்று அம்மாள் விரலைச் சுழற்றுகிறார். அண்ணை பின்னால் ஓட்டுகிறார். இந்தத் தடவை நானும் எழுந்துபோய்த் திரையருகே நிற்கிறேன்.