வெயிலில் காய்ந்த படகு

1. சேரன்மகாதேவியில் என் வண்டிமாட்டின் லாடம் கழன்றது.
2. புது லாடம் கட்டும் வரை ஆற்றங்கரையில் காத்திருக்கிறேன்.
3. அங்கே உல்லாசப் படகுச் சங்கம் ஒன்று இன்று தொடங்குகிறது.

சங்கத்தில் எல்லோரும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். தலைவர் உண்டு, செயலாளர் உண்டு. துடுப்புப் போடத்தான் ஆள் இல்லை. முதல் சவாரிக்குத் தங்கள் மனைவிமாரை ஏற்றப் போகிறார்கள். மங்கலமாம்.

படகு பச்சை வர்ணத்தில் பளபளக்கிறது. பலகைகளுக்கு நடுவே என் விரல் நுழைகிறது. நான் பௌதிக சாஸ்திரம் படித்த உபாத்தியாயினி. அதற்கு முன்பே தூத்துக்குடியில் தோணி கட்டும் ஆசாரியின் மகள்.

"அண்ணாச்சி, இது எப்பமிருந்து வெயில்ல கெடக்கு?" என்று செயலாளரைக் கேட்கிறேன்.

"பங்குனியிலேருந்து. ஒரு சொட்டுத் தண்ணி படவிடல. வர்ணம் போயிரும்லா?"

"மரம் காஞ்சு சுருங்கிட்டு. ரெண்டு நாள் ஆத்துக்குள்ள முக்கிப் போடுங்க. ஊறினா இடுக்கு மூடிரும். பெறவு ஆள ஏத்துங்க."

"மெதக்குததுக்கு முக்கணுமாம்! கேட்டீரா வே, இந்தம்மா சொல்லுதத?"

தலைவர் வயிறு குலுங்கச் சிரிக்கிறார். செயலாளரின் மனைவி மட்டும் படகில் வைத்த காலை எடுத்துவிடுகிறாள்.

"எங்களுக்கு நீச்சல் தெரியாது. மொதல்ல நீங்க ரெண்டு பேரும் பைய ஒரு சுத்து போயிட்டு வாங்க. நாங்க பாக்கோம்."

ரோஷத்தில் இருவரும் ஏறுகிறார்கள். அவளே படகைத் தள்ளிவிடுகிறாள்.

இப்போதைய நிலை: படகு ஆற்றுக்குள் நன்றாக ஊறிக்கொண்டிருக்கிறது. தலைவரும் செயலாளரும் மார்பளவுத் தண்ணீரில் நின்றபடி, என்னைச் சங்கத்தில் சேர்ப்பதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானிக்கிறார்கள். பெண்கள் எல்லோரும் கரையில் இருக்கிறார்கள்.