எஸ்தர் டீச்சரின் கும்மி

சனிக்கிழமை காலை பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சபை ஊழியர் சைக்கிளை விட்டு இறங்காமல், வாசலில் காலூன்றியபடி சொன்னார்: "எஸ்தர் டீச்சர் போய்ட்டாங்க. நாலு மணிக்கு அடக்கம்." மீதித் தாள்களையும் திருத்தி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அவரை அறிந்த உங்களுக்கு இது கல்நெஞ்சாகத் தோன்றலாம். எனக்கு அப்படித்தான் வரும்.

ஒரே பள்ளியில் பக்கத்துப் பக்கத்து வகுப்புகளில் வேலை பார்த்தோம். அவர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். வயதுவந்த பிறகு சபைக்கு வந்தவர். நான் சபையிலேயே பிறந்தவள். பாட்டென்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் பக்தி என்று பழகியிருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில், ஒரு மே மாதம், பள்ளி வளாகத்தில் மூன்று நாள் இளைஞர் தியான முகாம். நான் செயலாளர், மணி என் கையில். இரண்டாம் நாள் மாலை துதிப்பாட்டு நடக்கும்போது எஸ்தர் டீச்சர் பெஞ்சை விட்டு வெளியே வந்து கும்மியடிக்க ஆரம்பித்தார். பாட்டு நம்முடையது, கும்மி அவருடைய ஊருடையது. பத்துப் பெண்கள் வட்டம் சேர்ந்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, மணியை அடித்துவிட்டேன். மணி அடித்தால் சாப்பாடு என்பது முகாம் வழக்கம். சமையல்காரர் உப்புமா அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "ஓரமா வைங்கண்ணா, இன்னும் ரெண்டு சரணம் இருக்குது" என்றார் டீச்சர், நிற்காமல்.

போதகர் சிரிக்கவில்லை. "ஊரே கிரிவலம்னு மலையைச் சுத்துது. நம்ம பிள்ளைங்களும் வட்டமா சுத்துனா என்ன வித்தியாசம்?" ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளி வகுப்பை டீச்சரிடமிருந்து எடுத்துவிடுவதென்று தீர்மானம். அவருக்கு உயிரான வகுப்பு அது. கடிதம் எழுத வேண்டியவள் நான். டீச்சர் வந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "ஆடினேன்னு எழுதுங்க. ஒழுங்கீனம்னு மட்டும் எழுதாதீங்க டீச்சர். சந்தோஷம் தாங்கல, கால் நிக்கல, அவ்ளோதான்." நான் ஒழுங்கீனம் என்றே எழுதினேன்.

வருத்தம் தெரிவித்து ஒரு வரி கொடுத்திருந்தால் வகுப்பு திரும்பக் கிடைத்திருக்கும். அவர் கொடுக்கவில்லை. ஐந்து வருஷம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மதியம் டிபன் மூடியில் எனக்குக் குழம்பு ஊற்றித் தருவதை மட்டும் ஒருநாளும் நிறுத்தவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போதகர் மாறினார். அடுத்த முகாமில் புதியவரே கும்மி வேண்டுமென்று கேட்டார். டீச்சர் நேராக என்னிடம் வந்தார். மணியை வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தார். என் கைத்தட்டல் ஒவ்வொரு முறையும் அரைத் தாளம் பிந்தியது. வியர்த்தது, மூச்சு வாங்கியது. எந்தச் சுற்றில் வெட்கம் போனதென்று தெரியாது. இத்தனை வருஷம் கைகட்டி நின்று வேண்டிக்கொண்ட சந்தோஷம் அன்றைக்கு வந்தது.

"அந்தக் கடிதத்துல ஒழுங்கீனம்னு எழுதிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றேன்.

"அத விடுங்க. இப்ப நீங்களும் அதானே டீச்சர்?" என்று சிரித்தார்.

அடக்க ஆராதனையில் அதே பாட்டைப் பாடினார்கள். எல்லோரும் கைகட்டி நின்றார்கள். நான் தட்டினேன். அரைத் தாளம் பிந்தித்தான் வந்தது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதைத் திருத்துவதாக இல்லை.