முதல் தடவை பார்ப்பதுபோல

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்து போகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அப்படி என்ன அவசரம்? சண்டைக் காட்சிக்கு உதவியாளர் யார், லைட் தூக்கியவர் யார், சாப்பாடு போட்டவர் யார் என்பதுவரை படித்துவிட்டுத்தான் நான் எழுந்திருப்பேன். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானத்தில்தான் சிதம்பரத்தில் அவனைப் பார்த்தேன். தியேட்டரே காலியாகி, நாங்கள் இரண்டு பேர் மட்டும் எட்டு வரிசை தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தோம். விளக்குமாறோடு வந்த அம்மா எங்களைச் சேர்த்தே விரட்டினார். வெளியே வந்து டீ குடித்தோம். அவன் அண்ணாமலை நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான்; மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு பைண்டிங் போடுவதுதான் முக்கிய வேலை. நான் கடலூரில், குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் லேப் வேலை. இரண்டாவது டீக்குள் மச்சான் ஆகிவிட்டோம்.

பிறகு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். பெரிய படம் எது வந்தாலும் முதல் தடவை சேர்ந்துதான் பார்க்க வேண்டும். ஒரு படம் கடலூரில் என்றால் அடுத்தது சிதம்பரத்தில். அதுவரை விமர்சனம் படிக்கக் கூடாது, டிரெய்லரை ஒரு தடவைக்கு மேல் பார்க்கக் கூடாது, வாட்ஸப் குரூப்பில் எவனாவது கதை சொல்ல ஆரம்பித்தால் உடனே வெளியேறிவிட வேண்டும். நான் அப்படி ஏழு குரூப்பிலிருந்து வெளியேறியிருக்கிறேன். அதில் ஒன்று சொந்தக்காரர்களுடையது. அதனால் ஒரு கல்யாணச் செய்தியே எனக்கு வராமல் போயிற்று. சித்தப்பா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. முதுநகரில் ஒரு மாடி அறை. லேபில் பேசுவதற்கு ஒன்றுமில்லை. சாம்பிள் வரும், பார்ப்பேன், எழுதுவேன். சில வாரங்களில் சாப்பாட்டுக் கடைக்காரரிடம் “ஒரு பார்சல்” என்று சொன்னதைத் தவிர வேறெதுவும் பேசியிருக்க மாட்டேன். மாதத்துக்கு ஒரு தடவை அவன் பக்கத்தில் உட்காரும் மூன்று மணி நேரமும், அதன்பின் டீக்கடையில் நின்று சண்டை போடும் ஒரு மணி நேரமும்தான் எனக்கென்று இருந்தன. அவனுக்குப் பெண்டாட்டி, பிள்ளை, கடை எல்லாம் உண்டு. எனக்கு அவன் ஒருவன்தான். இதை அவனிடம் சொன்னதில்லை; இதெல்லாம் சொல்கிற விஷயமா?

அந்தப் படத்துக்கு ஒரு வருடமாகக் காத்திருந்தோம். அது வெளியாகும் வாரம் பார்த்து, ஆய்வேடு கொடுக்கக் கடைசித் தேதியும் வந்து தொலைத்தது. 

“பசங்க கடைய உட்டு நவுர உடமாட்றானுவோ மச்சான். ரெண்டு வாரம் பொறுத்துக்கடா,” என்றான்.

“பொறுத்துக்கறேன், நீ வேலையப் பாரு,” என்றேன்.

நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் காலை, ஷிப்ட் முடிந்து வரும் வழியில் பஸ்ஸைவிட்டு இறங்கி காலைக் காட்சிக்குப் போய்விட்டேன். கால் தானாகப் போயிற்று என்றெல்லாம் கதை விட மாட்டேன். தெரிந்தேதான் போனேன். படம் பிரமாதம். ஆனால் நல்ல இடம் வரும்போதெல்லாம் வலது பக்கம் திரும்பினேன். அங்கே யாரோ ஒருவர் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து அவன் கடலூர் வந்தான். முதல் தடவை பார்ப்பதுபோல நடிக்க வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தேன். முதல் பாதியில் ஒழுங்காகத்தான் நடித்தேன். இடைவேளைக்குப் பிறகு, சாப்பாடு பரிமாறிக்கொண்டிருக்கும் கதாநாயகனின் அக்கா திடீரென்று கத்தியை எடுக்கும் இடம் வந்தது. தியேட்டரே அலறியது. அவன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவன் எப்படித் திடுக்கிடுவான் என்று பார்க்கும் ஆசையில், முன்னாலேயே திரும்பி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் கையை எடுத்துக்கொண்டான். படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எழுந்துவிட்டான்.

டீக்கடையில், “ஏற்கெனவே பாத்துட்டியா மச்சான்?” என்று கேட்டான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

“சேச்சே, உன்ன உட்டுட்டு எப்டிடா பாப்பேன்?” என்றேன்.

“செரி,” என்றான். பஸ் வந்தது, ஏறிக்கொண்டான்.

அதன்பின் சண்டை எதுவும் இல்லை. போன் செய்தால் எடுத்தான், நலம் விசாரித்தான். புதுப் படம் வரும்போது மட்டும், “நீ பாத்துரு மச்சான், எனக்கோசரம் வெயிட் பண்ணாத,” என்பான். நானும் பார்த்தேன். வெள்ளிக்கிழமைதோறும் முதல் காட்சி. யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை, எந்தக் குரூப்பிலிருந்தும் வெளியேற வேண்டியதில்லை. எட்டு மாதம் இப்படிப் போயிற்று. படம் பார்ப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காதோ என்ற சந்தேகமே வந்துவிட்டது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டும்வரை, என்ன சொல்வது, எதில் ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவன் வீடு கடைக்குப் பின்னால்தான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி, “வாங்கண்ணா, எங்க ஆளையே காணோம்,” என்று தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அவர் போனதும் சொல்லிவிட்டேன். “அந்தப் படத்த நான் முன்னாடியே பாத்துட்டேன்டா. பொய் சொன்னேன்.”

அவன் சிரித்தான். “அது அன்னிக்கே தெரியும். நீயா சொல்லுவன்னு கொஞ்ச நாள் பாத்தேன். அப்பறம் கடைப் பொழப்புல மறந்தே போச்சு. இதுக்குப் போயா இவ்ளோ தூரம் வந்த?”

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

“போன வெள்ளிக்கெழம ஒரு படம் வந்துச்சே, பாத்துட்டியா?” என்று அவனே கேட்டான்.

“பாத்துட்டேன்.”

“கதையச் சொல்லு மச்சான். நான் எங்க இனிமே தியேட்டருக்குப் போவப் போறேன்.”

சொன்னேன். கதாநாயகன் வரும் காட்சியை எழுந்து நின்று நடித்தே காட்டினேன். அவனும் முன்பு மாதிரியே தொடையைத் தட்டிக்கொண்டு கேட்டான். எட்டு மாதத்தில் அன்றுதான் வாய்விட்டுப் பேசினேன். இடைவேளையில் யார் செத்தார்கள் என்பதுவரை வந்திருந்தேன். அப்போது ஒரு மாணவி அவசரமாக இருபது பக்கம் பிரின்ட் வேண்டும் என்று வந்து நின்றாள். “தோ வந்துர்றேன்,” என்று கடையைத் திறக்கப் போனான்.

கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தான். மீதியைக் கேட்பான் என்று காத்திருந்தேன்.

“அப்பறம், வேலையெல்லாம் எப்டி போவுது மச்சான்?” என்றான்.

நன்றாகப் போகிறது என்றேன்.