பட்டி பூசிய பட்டடைக்கல்

மந்தாரக்குப்பத்துக் கொல்லர் குழந்தைவேலுக்குக் கோபத்துக்கு முன்னால் எச்சில் வந்துவிடும். கலப்படம், பொய் எடை, அரைகுறை வேலை, எதைக் கண்டாலும் முகத்தைத் திருப்பி "தூ" என்று துப்புவார். தண்ணீர் டீ கொடுத்த கடைக்காரனின் பெஞ்சடியிலேயே துப்பி ஒருமுறை கைகலப்பு வரைக்கும் போயிற்று. மனுஷனுக்கு ஊரே அருவருப்பு.

அந்தச் சனிக்கிழமை அவருக்கு அவசரமாக ஒரு பட்டடைக்கல் வேண்டியிருந்தது. பேர்தான் கல், உண்மையில் எஃகுக் கட்டி; காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்க அது இல்லாவிட்டால் கொல்லன் கொல்லனில்லை. பழைய கல் மூன்று மாதம் முன்பே கைவிட்டுப் போயிருந்தது. அன்றிலிருந்து ஒரு தண்டவாளத் துண்டில் ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். அரிவாளுக்கு அது தாங்கும். கடப்பாரையை வைத்தால் துள்ளும். மைன்ஸ் கான்ட்ராக்டர் ஒருவர் நூறு கடப்பாரைக்கு முனை அடிக்கச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை கல் இல்லையென்றால் வேலை வேறு பட்டறைக்குப் போய்விடும்.

கிளம்பும்போது மனைவி காந்திமதி வாசலுக்கு வந்தாள்.

"அப்படியே பொட்டுக்கு வைக்க மெழுகு ஒரு டப்பா வாங்கியாங்க. குங்குமம் ஒட்ட மாட்டேங்குது. வச்சிருந்த டப்பாவ மூணு மாசமா காணம். வூட்ல எலியா தின்னுது?"

அவர் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

சட்டைப்பையில் கோலிகுண்டு அளவில் ஒரு பால்ரஸ் குண்டு, பேரிங்குக்குள் உருளும் எஃகு உருண்டை, இருந்தது. நல்ல எஃகின் மேல் முழ உயரத்திலிருந்து அதைப் போட்டால் துள்ளிக்கொண்டு கைக்கே திரும்பி வரும். மட்டமான கல்லில் செத்து விழும். அதைவிட நேர்மையான சாட்சி உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி.

முதல் கடையில் கண்ணாடிபோல் மின்னிய கல். குண்டு "தொப்" என்றது.

"கம்பெனி மால்ண்ணே!"

"எந்தக் கம்பெனி? களிமண் கம்பெனியா? வெறும் வார்ப்பிரும்புடா இது." துப்பினார்.

பண்ருட்டியில் இன்னொன்று. நடுவில் குண்டு துள்ளியது, ஓரத்தில் படுத்துக்கொண்டது. மேலே மெல்லிய தகடு ஒன்றைப் பற்றவைத்து ஏமாற்றியிருந்தார்கள். அங்கேயும் துப்பினார். வழியெல்லாம் வாய் கசந்தது. தொழில் செய்கிறவனையே ஏமாற்றுகிறார்களே, இவர்களெல்லாம் என்ன பிறவி என்று வண்டியிலேயே திட்டிக்கொண்டு வந்தார்.

மதியம் மேல்பட்டாம்பாக்கத்தில் தெய்வசிகாமணியின் பழைய இரும்புக் கடை. பச்சை பெயின்ட் அடித்து, ஒரு பக்கம் கூர்மூக்குபோல் புதிதாகக் கொம்பு வைத்துப் பற்றவைத்த கல்லைக் காட்டினார் கடைக்காரர். குண்டு பாதிதான் எழும்பியது. குழந்தைவேல் சுத்தியலால் தட்டினார். மணிபோல் ஒலிக்க வேண்டியது ஓட்டைப் பானைபோல் கரகரத்தது. உளியால் பெயின்டைச் சுரண்டினார். காருக்குப் பூசும் பட்டி, வெள்ளையாக, பொலபொலவென்று உதிர்ந்தது.

"தூ! விரிசல்ல பட்டிய வச்சி விக்கிறியே, சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறியா நீ?"

விடாமல் நோண்டினார். பட்டிக்கு அடியில் இன்னொரு பூச்சு வந்தது. அரத்தூள் கலந்த கறுப்பு மெழுகு. கறுப்பினூடே அங்கங்கே குங்குமச் சிவப்பு.

உளி நின்றுவிட்டது.

அது காந்திமதியின் மெழுகு. மூன்று மாதம் முன்பு அந்த விரிசலில் அதைத் திணித்து, தேய்த்து, கரி பூசி மறைத்தது அவருடைய கட்டைவிரல். கொம்பும் பெயின்டும் போட்டதில் தன் கல்லே அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"பட்டி வச்சது நாந்தாங்க, இல்லன்னு சொல்லல," என்றார் தெய்வசிகாமணி. "உள்ள மெழுக வச்சது நான் இல்ல. முத்தாண்டிக்குப்பத்துப் பொண்ணு ஒண்ணு, பொற்கொடின்னு. ஐ.டி.ஐ. படிச்சிட்டுத் தனியா பட்டறை போட்டுது. எவனோ ஒரு கொல்லன நம்பி வாங்கிச்சாம். மொத வாரமே வாயப் பொளந்துகிச்சி. அழுதுகினே வந்து எடைக்குப் போட்டுது. இப்ப பட்டறைய மூடிட்டு மைன்ஸ் கான்ட்ராக்ட்ல குப்ப பெருக்கிகினு இருக்குது."

குழந்தைவேலுக்கு அந்தப் பெண்ணின் முகம் நினைவிருந்தது. அவள் கல்லைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க சொன்னா சரிதான் பெரியப்பா" என்றாள். அன்றைக்குப் பால்ரஸ் குண்டு அவர் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்கத் தோன்றவில்லை.

"நீங்களே சொல்லுங்க," என்றார் கடைக்காரர். "அந்தாளு மூஞ்சில காறித் துப்பணுமா, வேணாமா?"

குழந்தைவேலின் வாய் நிறைய எச்சில் ஊறியிருந்தது. தெய்வசிகாமணி காத்திருந்தார். இவர் துப்புகிற ஆள் என்பது அவருக்கும் தெரியும்.

விழுங்கினார்.