கடைசி எழுத்து வேறான மாடல்

சிவகாசி அச்சகம் ஒன்றுக்குப் பட்டாசுப் பெட்டி லேபிள்களையும் காலண்டர்களையும் வீட்டிலிருந்தே வடிவமைத்துக் கொடுப்பது என் வேலை. போன வருஷம் காலண்டர் ஆர்டர்கள் குவியத் தொடங்கிய நேரத்தில் என் லேப்டாப் செத்துப்போனது. ரிப்பேர் பார்த்தவர் கையை விரித்துவிட்டார். புதிது வாங்க நானும் கணவரும் விருதுநகருக்குப் பஸ் ஏறினோம். அவர் பருப்பு மில்லில் சூப்பர்வைசர். கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர்.

இரண்டு மாடல்களைத் தேர்ந்து வைத்திருந்தேன். ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே சாம்பல் நிறம். மாடல் எண்ணில் கடைசி எழுத்து மட்டும் வேறு.

"ரெண்டுலயும் ஸ்கிரீன் ஒண்ணுதானா? கலர் சரியாக் காட்டுமா?" என்று கடையில் விற்பனையாளரிடம் கேட்டேன்.

அவர் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார். "ரெண்டும் ஒண்ணுதான் சார். மேடம் படம் பாக்க, மெயில் பாக்க இது தாராளம்."

"கேட்டது நானுங்க."

சிரித்தார். "வாரண்டி ஒரு வருஷம் சார்" என்றார், மறுபடியும் என் கணவரிடமே.

பென்டிரைவை நீட்டி, நான் வடிவமைத்த தரைச்சக்கரப் பட்டாசு லேபிளை இரண்டிலும் திறக்கச் சொன்னேன். வேண்டாவெறுப்பாகத் திறந்தார். ஒன்றில் சிவப்பு நான் போட்ட சிவப்பாகவே இருந்தது. மற்றதில் வெளிறிப்போய் செங்கல் நிறம். அதை நம்பி நான் சிவப்பைக் கூட்டினால், அச்சடித்த தாளெல்லாம் கறுத்துப்போய்க் குப்பைக்குத்தான் போகும். நல்லதைத் தொட்டுக் காட்டி, "இதுதான் வேணும்" என்றேன்.

அச்சகத்திலிருந்து போன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தால் பெட்டி கட்டியாகிவிட்டது, பில்லும் தயார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அந்த வெளிறிய மாடல்.

"நீங்க கேட்டது காட்டுறதுக்கு வச்ச பீஸ் மட்டுந்தான், ஸ்டாக் இல்ல மேடம். சார்ட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தோம்."

கணவர் சாதாரணமாகச் சொன்னார்: "ரெண்டும் ஒண்ணுதானாம்ல. சரின்னுட்டேன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "உக்காந்து வேல பாக்கப் போறது நீங்களா, நானா? எதுக்குத் தலைய ஆட்டுனீக? ஒங்க மில்லுல உளுந்து கேட்டவுகளுக்குப் பாசிப்பயறு மூட்டைய ஏத்தி விடுவீகளா?"

கடையே திரும்பிப் பார்த்தது. பில்லை ரத்து செய்ய வைத்தேன். கேட்ட மாடலை மதுரையிலிருந்து வரவழைப்பதாக மேனேஜர் சொன்னார்.

பஸ்ஸில் கணவர் முணுமுணுத்தார். "அம்புட்டுப் பேரு முன்னால பேசணுமா?"

"அம்புட்டுப் பேரு முன்னாலதான அந்தாளு என்னைய இல்லாத ஆளாக்குனான்? நீங்களும் கூட நின்னீகளே!"

ஊர் வந்து சேரும்வரை அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்த வாரக் கடைசியில் நான் தனியாகப் போனேன். அதே விற்பனையாளர். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சார் வரலையா மேடம்?"

"வரல. எங்கிட்டப் பேசுங்க."

வேறு வழியில்லாமல் பேசினார். அந்த ஸ்கிரீன் எத்தனை நிறம் காட்டும், மற்றது ஏன் வெளிறுகிறது, அச்சு வேலைக்கு எது ஆகாது என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். தெரியாமல் சொல்லியிருந்தால் அன்றைக்கே மன்னித்திருப்பேன். அத்தனையும் தெரிந்த ஆள்தான் என் முகத்தைப் பார்க்காமல் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றிருக்கிறார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபோது, முதல் நாளைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.