ஆட்டுக்கல்லில் தேங்கிய மழை

எங்கள் நாய் என் வீட்டுக்காரரின் அண்ணன் மகளைக் கடித்துவிட்டது. வெறிநாய் என்று ஊரே முடிவு கட்டியது. பிள்ளை பிழைக்காது என்றார்கள். நான்தான் நாயை ஏவிவிட்டேன் என்றும் சொன்னார்கள். மாரியாத்தா கோயில் வாசலில் விழுந்து நான் கதறிய சித்திரை மாதம் அது. இன்றைக்கு அவள் சன்னதியில் பொங்கல் வைக்கக் கூடியிருக்கும் உங்களிடம் அதைச் சொல்லாமல் போனால் என் நெஞ்சு ஆறாது. எனக்குக் கோர்வையாகப் பேச வராது, சண்டை போடத்தான் வரும். பொறுத்துக் கேளுங்கள்.

என் பெயர் நல்லம்மாள். யாரையும் லேசில் நம்பாதவள். கடைக்காரர் எடை போட்டால் தராசைப் பார்க்க மாட்டேன், அவர் விரலைத்தான் பார்ப்பேன். கல்யாணமான மறு வருஷமே மழை பொய்த்து, என் வீட்டுக்காரரும் நானும் மலேயாவுக்குக் கப்பலேறினோம். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை. அங்கே பெற்ற பிள்ளைகள் இரண்டும் காய்ச்சலில் போய்விட்டன. அதற்குப் பிறகு எங்களுக்கென்று இருந்தது ஒரு நாய். நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் குட்டியாகக் கிடந்தவனை எடுத்து வளர்த்தோம். ரப்பரை அங்கே கித்தா என்பார்கள். அதையே பெயராக வைத்துவிட்டோம். பிடித்து இழுத்தால் இழுத்த பக்கமெல்லாம் நீளுவான், விட்டால் சுருண்டுகொள்வான்.

ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் ஆட்களைக் குறைத்தபோது எங்களையும் ஊருக்குப் போகச் சொன்னார்கள். நாயை விட்டுவிட்டுப் போ என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். "பெத்த ரெண்டையும் இந்த மண்ணுல உட்டுட்டேன். இவனையும் உட்டுட்டு வர என்னால ஆகாதுங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் வாயில்லாப் பூச்சி. தலையை ஆட்டிவிட்டு நாய்க்கும் சேர்த்துக் கப்பல் சீட்டுக்கு அலைந்தார்.

பினாங்கில் கப்பலேறியதும் கித்தாவை மேல்தளத்தில் ஆட்டுக் கொட்டடி ஓரம் கட்டினார்கள். அங்கே காவல் யார் தெரியுமா? கப்பல் கசாப்புக்காரர். கத்தி வைத்திருப்பவர் கையில் என் நாயா! பாயைக் கொண்டுபோய் அங்கேயே விரித்துப் படுத்துக்கொண்டேன். ஒரு மத்தியானம் கண்ணயர்ந்துவிட்டேன். தளம் கழுவக் கடலிலிருந்து வாளியில் இறைத்து வைத்திருந்த தண்ணீரைக் கித்தா வயிறு முட்டக் குடித்துவிட்டான். குடித்ததெல்லாம் கக்கினான். கால் தொய்ந்து கிடந்தான். நானோ கசாப்புக்காரர் விஷம் வைத்துவிட்டார் என்று கப்பலே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அந்த மனிதர் தன் பங்கு நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் நான் ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகுதான் நாய்க்கு விட்டேன்.

அன்றிலிருந்து கித்தா எந்தத் தண்ணீரையும் மோந்து பார்க்காமல் குடிப்பதில்லை. நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயிலேறி, மோகனூர்ப் பக்கம் காவிரியைப் பரிசலில் கடந்தோம். ஆற்றைக் கண்டதும் அவனும் மோந்து பார்த்தான். பிறகு மூச்சு விடாமல் குடித்தான். நாமக்கல்லுக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பங்குனி மாதத்தில் வந்து சேர்ந்தோம்.

வீட்டில் என் வீட்டுக்காரருக்கு அண்ணன், அவர்தான் எங்கள் மூத்தார். அவர் மனைவி செல்லாயி அக்கா. ரொம்ப காலம் தவமிருந்து பெற்ற ஒரே மகள் பாவாயி. மூத்தாரிடம் நேராகப் பேசுவது எங்களில் வழக்கமில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நான் தூணைப் பார்த்துச் சொல்லுவேன். அவர் மாட்டைப் பார்த்துப் பதில் சொல்லுவார். நிலம் இன்னும் பாகம் பிரியவில்லை. பாகம் கேட்க வந்திருக்கிறாள் என்று அவர்கள் என்னைச் சந்தேகப்படுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். சிரித்தால் ஏன் சிரிக்கிறார்கள் என்று யோசிப்பேன். சிரிக்காவிட்டாலும் யோசிப்பேன்.

வந்த அன்றே கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்ததும் கரித்தது. "என்னக்கா, தண்ணி இப்படி உப்பாட்டம் இருக்குது?" என்று கேட்டுவிட்டேன்.

செல்லாயி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "கப்பல்ல போயிட்டு வந்த சீமாட்டிக்கு எங்க ஊட்டுத் தண்ணி கரிக்குதாமா! இதைக் குடிச்சுத்தானே உன்ற புருசன் வளந்தாரு? உங்க மலேயாத் தண்ணிதான் சப்புனு இருந்திருக்கும், போ."

அதன் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. நாளாக நாளாக என் நாக்குக்கும் பழகி, கரிப்பே மறந்துபோனது. கித்தா மோரும் பழைய சோற்று நீச்சத்தண்ணியும் குடித்துக்கொண்டு பாவாயி பின்னாலேயே திரிந்தான்.

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் அது நடந்தது. கித்தா கடித்துக்கொண்டிருந்த எலும்பைப் பாவாயி விளையாட்டாகப் பிடுங்கப் போனாள். அவன் வெடுக்கென்று கடித்துவிட்டான். சின்னக் கையில் பல் இறங்கி ரத்தம் கொட்டியது. செல்லாயி அக்கா போட்ட சத்தம் இன்னமும் என் காதில் இருக்கிறது.

வண்டி கட்டி நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் புண்ணைக் கழுவி மருந்து போட்டுவிட்டு, "நாயைக் கொன்னுடாதீங்க. கட்டிப் போட்டுப் பாருங்க. பத்து நாள் நல்லாயிருந்தா பிள்ளைக்குப் பயமில்லை. நாய் செத்தாலோ, தண்ணியைக் கண்டு ஒதுங்கினாலோ அந்த நிமிஷமே குன்னூருக்கு ஊசி போடக் கூட்டிப் போங்க" என்று சொல்லி அனுப்பினார்.

மூத்தார் கித்தாவை வாசல் வேப்பமரத்தில் சங்கிலியால் கட்டினார். பக்கத்தில் குழவியில்லாத பழைய ஆட்டுக்கல் ஒன்று கிடந்தது. யாரும் கிட்டே போகக் கூடாது, சோறு போடக் கூடாது என்று உத்தரவு. ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றிக் குச்சியால் தள்ளிவிட்டார்கள்.

கித்தா மோந்து பார்த்தான். பின்வாங்கினான்.

மறுநாள் முழுக்க அப்படித்தான். சட்டியைத் தள்ளுவார்கள், அவன் மூக்கை வைப்பான், உடம்பைக் குறுக்கிக்கொண்டு மரத்தோடு ஒட்டிக்கொள்வான். அந்த வெயிலில் நாக்கு தொங்கி எச்சில் வடிந்தது. பார்க்க வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு மூத்தார் மேல்தான் சந்தேகம். தண்ணீரில் எதையோ கலந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் காட்டு வேலைக்குப் போன சமயம் சட்டியைக் கொட்டிக் கழுவி, என் கையால் கிணற்றில் சேந்தி வைத்தேன். "குடி சாமி, குடிச்சுரு" என்று கெஞ்சினேன். என் கையால் வைத்த தண்ணீரையும் அவன் தொடவில்லை.

அப்போதுதான் எனக்கு உயிர் போனது. ஊரைச் சந்தேகப்பட்டவள் என் நாயையே சந்தேகப்பட்டேன். ஒருவேளை நிஜமாகவே வெறியோ? என் பிடிவாதத்தில் கடல் தாண்டிக் கொண்டுவந்தது இந்தப் பிள்ளைக்கு எமனோ?

"குன்னூருக்குப் போயிரலாங்க்கா" என்று செல்லாயி அக்காவின் கையைப் பிடித்தேன். அவள் உதறினாள். "வயித்துல ஊசி குத்துவாங்களாமா. என்ற புள்ளை தாங்குமா? பெத்தவளுக்குத்தான்டி அந்த வலி தெரியும். உனக்கென்ன, பாத்துப் பொறுக்காமத்தானே நாயை ஏவி உட்டே!"

அந்தச் சொல்லை நான் மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்தவளிடம் சொல்லும் சொல்லா அது?

கடித்த மூன்றாம் நாள் நாய்க்கடிக்கு மருந்து கொடுக்கும் பெரியவரை அழைத்து வந்தார்கள். ஊமத்தையில் அரைக்கிற மருந்து அது. வளர்ந்த ஆம்பிளைகளே அதைக் குடித்துவிட்டுப் பித்துப் பிடித்தமாதிரி பிதற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சின்ன உடம்பு தாங்குமா? முதலில் நாயை அடித்துவிடுவது, பிறகு மருந்து கொடுப்பது என்று பேசி முடித்தார்கள். மூத்தார் மாட்டைப் பார்த்து, "நாயோட சேத்து அவளும் இந்த ஊட்டை உட்டுப் போகோணும்" என்றார். என் வீட்டுக்காரர் குனிந்த தலை நிமிரவில்லை.

நான் கோயிலுக்கு ஓடினேன். உச்சி வெயில். நடை சாத்தியிருந்தது. படியில் விழுந்து அழுதேன். "ஆத்தா, எனக்கு யாரையும் நம்பத் தெரியலை. நாயையும் நம்ப முடியலை. உன்னை மட்டும் நம்பறேன். அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. வெறி இருந்தா இப்பவே காட்டு, நான் அவளைத் தூக்கிக்கிட்டுக் குன்னூருக்கு ஓடறேன். இல்லைன்னா இல்லைன்னு காட்டு. எனக்குக் கனவுல காட்டாதே, ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. அத்தனை பேர் கண்ணு முன்னால காட்டு. தீச்சட்டி எடுக்கறேன்."

எழுந்தபோது மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்தேன். வாசலில் தடியோடு மூத்தாரும் இன்னும் இரண்டு பேரும் நின்றார்கள். பாவாயி அழுதுகொண்டிருந்தாள். நான் மரத்துக்கு முன்னால் போய் நின்றேன். "தள்ளிக்கச் சொல்லு அவளை" என்று மூத்தார் யாரிடமோ கத்தினார். அந்த நேரம் காற்று ஒன்று சுழன்று அடித்தது. புழுதி கண்ணை மறைத்தது. சடசடவென்று கோடை மழை இறங்கியது.

"மழை உடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று எல்லாரும் கூரைக்கு அடியில் ஒதுங்கினார்கள். நான் நனைந்துகொண்டு நின்றேன். கித்தா எழுந்து நின்றான். மூக்கில் வழிந்த மழையை நக்கினான். மோந்து பார்த்தான். பிறகு சங்கிலியை இழுத்துக்கொண்டு ஆட்டுக்கல்லுக்குப் போனான். அதன் குழியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் மூஞ்சியை விட்டுக் குடித்தான் பாருங்கள்! குழி வற்ற வற்றக் குடித்தான். மழை நிறைக்க நிறைக்கக் குடித்தான்.

மருந்துப் பெரியவர்தான் முதலில் வாய் திறந்தார். "இது வெறி நாய் இல்லீங்க. இப்படிக் குடிக்காது." மருந்துக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

செல்லாயி அக்கா நம்பவில்லை. என்னைவிடப் பெரிய சந்தேகக்காரி அவள். மழையில் இறங்கி, கிணற்றுத் தண்ணீர்ச் சட்டியைத் தூக்கி வந்து அவன் மூக்குக்கு நேரே வைத்தாள். கித்தா மோந்தான். கடகடவென்று பின்னால் போனான். சட்டியிலிருந்து திரும்பி ஆட்டுக்கல்லுக்கே போனான்.

எனக்குக் கப்பல் வாளி கண்ணில் வந்து நின்றது. "உப்புங்க்கா! அவன் உப்புத் தண்ணிக்குப் பயப்படறான்!" என்று கத்தினேன். ஆற்றுத் தண்ணீரைக் குடித்தானே, இதை ஏன் தொடவில்லை என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

அக்கா உள்ளங்கையில் மழையை ஏந்திக் குடித்தாள். பிறகு சட்டித் தண்ணீரை ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்தது. "ஆத்தாடி, நம்ம தண்ணி இப்படியா கரிக்கும்?" என்றாள். பிறந்ததிலிருந்து அந்த மண்ணின் தண்ணீரையே குடித்தவள் அன்றைக்குத்தான் அதை ருசி பார்த்தாள். அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்து என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மூத்தார் தடியைக் கீழே போட்டார். மாட்டைப் பார்க்கவில்லை, தூணைப் பார்க்கவில்லை. என்னை நேராகப் பார்த்து, "அம்மிணி, உள்ள வா. நனையாதே" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

டாக்டர் சொன்ன கெடு முடியும்வரை அந்த மழையைப் பிடித்து வைத்த பானைகளிலிருந்துதான் கித்தாவுக்குத் தண்ணீர். கெடு முடிந்தது. கித்தா வாலை ஆட்டிக்கொண்டு நின்றான். பாவாயி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் தீச்சட்டி எடுத்தேன், எனக்குப் பின்னால் அக்காவும் எடுத்தாள்.

சித்திரையில் கோடை மழை வருவது வழக்கம்தானே என்று உங்களில் யாராவது நினைக்கலாம். நானும் விடவில்லை, மறுநாளே விசாரித்தேன். அடுத்த ஊரில் அன்று புழுதிகூட நனையவில்லை.

கித்தா போய் நாளாகிவிட்டது. அந்த வேப்பமரத்தடியில்தான் புதைத்தோம். பாவாயிக்குச் சேலத்துப் பக்கம் இளம்பிள்ளை ஊரில் கல்யாணமாகி, மடியில் பிள்ளையோடு இதோ உங்கள் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான் மட்டும் திருந்திவிட்டேனா என்றால் முழுக்க இல்லை. கடைக்காரர் விரலை இன்னமும் பார்க்கிறேன். ஆனால் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினால் முதலில் அவர் முகத்தைப் பார்க்கிறேன். அந்தக் கசாப்புக்காரருக்கு நல்லது செய் தாயே என்று தினமும் கும்பிடுகிறேன். உங்களுக்கும் யாரையும் நம்ப முடியாத நாள் ஒன்று வரும். அன்றைக்கு இந்தப் படிக்கு வாருங்கள். நடை சாத்தியிருந்தாலும் வாருங்கள். அவளிடம் உங்கள் சந்தேகத்தையே சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டாள்.

எங்கள் வீட்டில் வருஷத்தின் முதல் மழைக்குக் குடம் வைப்பதற்கு முன்னால் செல்லாயி அக்கா ஓடிப்போய் அந்த ஆட்டுக்கல் குழியைத் துடைத்துவிட்டு வருவாள். இப்போது குடிக்க நாயில்லை. ஆனாலும் அது நிறைந்த பிறகுதான் எங்கள் குடம் வாசலுக்கு வரும்.